மூன்று நாள் வரம்பு யாருக்கு இல்லை? புளோரிடாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், குறுகிய கால வலிக்கு ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன் போன்ற இரண்டாம் அட்டவணை (பழக்கமாகும் ஆபத்து மிகுந்தவை என்று சட்டம் பட்டியலிட்ட) ஓபியாய்டு மருந்துகளை, அதாவது அபின் வகை வலிநிவாரணிகளை, மூன்று நாளுக்கு மேல் எழுதித்தரக் கூடாது. 2018 ஜூலை 1 முதல் இதுதான் சட்டம். ஓபியாய்டு மரணங்கள் பெருகிய மாநிலத்துக்கு அப்படியொரு கடிவாளம் தேவைப்பட்டது. ஆனால் வரம்பை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு விலக்குகளை மறந்துவிடுவதால், வலியில் துடிப்பவர்கள் வெறுங்கையோடு திருப்பி அனுப்பப்படுகிறார்கள்.

எல்லா வலிக்கும் ஒரே வரம்பு என்று நினைப்பதுதான் மிகக் கொடிய தவறு. அறுவைச் சிகிச்சை, காயம், திடீர் நோய் ஆகியவற்றால் வந்து நாளடைவில் அடங்கும் வலிக்கே இந்த நாள் கணக்கு. புற்றுநோய் வலி, குணமாக்க முடியாத இறுதிக்கட்ட நோயின் வலி, நோய்த்தணிப்புச் சிகிச்சையில் இருப்போரின் வலி, காயத் தீவிர மதிப்பெண் (காயத்தின் கடுமையை அளக்கும் மருத்துவக் கணக்கு) 9 அல்லது அதற்கு மேல் உள்ள பெருங்காய வலி ஆகியவற்றைச் சட்டமே வெளியே வைத்திருக்கிறது. நாள்பட்ட வலிக்கு வேறு விதிகள் உண்டு. மூன்று நாள் வரம்பு அதற்கும் இல்லை.

அடுத்த தவறு மருந்துச் சீட்டில் நேர்வது. வரம்புக்கு வெளியே உள்ள இந்த வலிகளுக்கு எழுதும்போது சீட்டில் ‘நான்அக்யூட் பெயின்’ (குறுகிய கால வலி அல்ல) என்று மருத்துவர் குறிப்பிட வேண்டும். அந்த இரண்டு சொற்கள் விடுபட்டால் மருந்துக் கடையில் சிக்கல்தான். மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே குடும்பத்தார் அதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம். அப்படிக் கேட்பதில் தயங்க ஒன்றுமில்லை. பெருங்காயத்துக்கு எழுதினால், மூச்சு அடங்கும் ஆபத்திலிருந்து காக்கும் நலோக்சோன் போன்ற முறிமருந்தையும் கூடவே எழுதித்தர வேண்டும்.

குறுகிய கால வலிக்கும் ஏழு நாள் வரை எழுத வழியுண்டு. சீட்டில் ‘அக்யூட் பெயின் எக்ஸெப்ஷன்’ (குறுகிய கால வலிக்கான விலக்கு) என்று குறித்தால் மட்டும் போதாது. நோயாளியின் நிலையையும், வேறு சிகிச்சை வழி இல்லாததையும் மருத்துவப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும்.

டிரமடோல் என்ற ஓபியாய்டு நான்காம் அட்டவணை மருந்து என்பதால் மூன்று நாள் வரம்பு அதைத் தொடுவதில்லை. அதனால் அது பழக்கமாகாத மருந்து என்று எண்ணிவிடக் கூடாது.

சட்டத்துக்கு அஞ்சி, நெடுநாள் ஓபியாய்டு உட்கொண்டுவரும் நோயாளிக்கு மருந்தை ஒரேயடியாக நிறுத்துவதும் பெருந்தவறு. அப்படி நிறுத்தினால் கடும் வலியும் தற்கொலை எண்ணமும்கூட வரலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019இல் எச்சரித்தது. குறைக்க வேண்டுமானால், நோயாளியோடு கலந்து பேசிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.