எப்லி பலிக்காமல் போவது எதனால்? பிபிபிவி சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படுக்கையில் புரண்டாலோ, அண்ணாந்து பரணைப் பார்த்தாலோ சில விநாடி வீடே சுழல்கிறது என்று நோயாளி சொன்னதும் பிபிபிவி (தலையின் நிலை மாறும்போது சில விநாடி வந்துபோகும், ஆபத்தில்லாத தலைச்சுற்றல்) என்று புதியவர்களும் இப்போது சரியாகவே ஊகிக்கிறார்கள். உட்செவியின் யூட்ரிக்கிள் பையில் ஒட்டியிருக்க வேண்டிய கால்சியம் கார்பனேட் படிகங்கள் கழன்று அரைவட்டக் குழலுக்குள் போய்விடுகின்றன, பெரும்பாலும் பின்குழலுக்குள். தலையைப் படிப்படியாகத் திருப்பி, பின்குழலில் உள்ள படிகங்களை யூட்ரிக்கிளுக்கே திருப்பி அனுப்பும் முறைதான் எப்லி. இதுவரை சரி. சறுக்கல் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

கண்ணைப் பார்க்காமல் முடிவு கட்டுவது

டிக்ஸ்-ஹால்பைக் சோதனையில் நோயாளியின் தலையை ஒரு பக்கம் 45 டிகிரி திருப்பி, சட்டென்று படுக்கவைத்து, தலையைக் கட்டில் விளிம்புக்குக் கீழே சுமார் 20 டிகிரி தொங்கவிடுகிறோம். சுழற்சி தொடங்கியதும் பயத்தில் அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார். சோதிப்பவர் “சுத்துதாம்மா?” என்று கேட்பார், “ஐயோ, சுத்துது” என்று பதில் வரும், உடனே எப்லி. எத்தனை முறை சொன்னாலும் மாறாத பழக்கம் இது. பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. சுற்றுகிறது என்ற சொல் எந்தக் குழல் என்று காட்டாது. கண் காட்டும்.

படிகம் நகர்ந்தால் குழலின் திரவம் நகரும், குழலின் அடியில் அசைவை உணரும் கூழ்போன்ற திரையான கூப்புலா வளையும், அந்தச் செய்தி கண் தசைக்குப் போகும். பின்குழல் என்றால் சில விநாடி தாமதித்து, கண் நெற்றிப் பக்கம் துடித்தபடியே கீழே இருக்கும் காதை நோக்கிச் சுழலும். ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். எழுந்து உட்கார்ந்ததும் பெரும்பாலும் எதிர்த்திசையில் துடிக்கும். கண் பக்கவாட்டில் துடித்தால் சிக்கல் கிடைக்குழலில், அதாவது கிடைமட்ட அரைவட்டக் குழலில். அதற்கு மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையை இருபுறமும் உருட்டிச் சோதிக்க வேண்டும். சிகிச்சையும் வேறு, நல்ல காதின் பக்கமாக உருட்டும் முறை. கிடைக்குழல் நோயாளிக்கு வாரக்கணக்கில் எப்லி செய்து, “இது பலிக்காது” என்று அனுப்பிவைப்பது இப்படித்தான் நடக்கிறது.

தாமதமே இல்லாமல் கண் கீழ்நோக்கித் துடித்து, அடங்காமலும் இருந்தால் முன்குழல் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். இரட்டைப் பார்வை, குழறும் பேச்சு, நடக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மூளையைச் சந்தேகித்து உடனே அவசரப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

ஆகவே படுக்கவைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: “சுத்தும், கொஞ்ச நேரத்துல நின்னுடும், கண்ணை மட்டும் மூடாதீங்க.” மூடினால் இமையை விரலால் பிரித்துப் பாருங்கள். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஃபிரென்செல் கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது.

பாதியில் தலையைத் தூக்குவது

வலது காது என்றால், வலப்பக்கம் தொங்கும் தலையை இடப்பக்கம் 90 டிகிரி திருப்பும்போது தலையணை மட்டத்துக்கு உயர்த்திவிடுகிறார்கள். படிகம் வந்த வழியே திரும்பிவிடும். தொங்கியபடியே திருப்புங்கள். பிறகு உடலை இடப்பக்கம் ஒருக்களிக்கச் செய்து, மூக்கு தரையைப் பார்க்கும்வரை தலையை மேலும் 90 டிகிரி திருப்ப வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் துடிப்பு அடங்கும்வரை, குறைந்தது 30 விநாடி.

சோதனைக்கு முன் மாத்திரை

தலைச்சுற்றலுக்குத் தரும் சினாரிசின் மாத்திரை படிகத்தை நகர்த்தாது. கண் துடிப்பை மங்கவைக்கும், முதியவர்களைத் தடுமாறவைக்கும்.

முடிந்தபின் கழுத்துப் பட்டை

வேண்டாம்.

எழுந்ததும் கையை விடுவது

கடைசியில் மோவாயைத் தாழ்த்தி உட்காரவைத்ததும் சிலருக்குத் தரை நழுவுவதுபோல் இருக்கும், அப்படியே பின்னால் சாய்ந்துவிடுவார்கள். தோளைப் பிடித்தபடி சில நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள். பிறகு டிக்ஸ்-ஹால்பைக்கை மறுபடி செய்யுங்கள். கண் இன்னும் துடித்தால் அன்றே இன்னொரு எப்லி.