பனிச்சறுக்குக்கு காகிள்ஸ்: வாங்குவதும் பாதுகாப்பதும்

காஷ்மீரத்துக் குல்மார்கில் பனிச்சறுக்கு கற்கப் போன முதல் நாள், வாடகைக் கடையில் கொடுத்த காகிள்ஸைத்தான் மாட்டிக்கொண்டேன். லென்ஸ் முழுக்கக் கீறல். அரை மணி நேரத்தில் உள்ளே ஆவி படிந்து, எதிரே நிற்பது ஆளா மரமா என்றே தெரியவில்லை. பூட்ஸ், பலகை, கம்பு எல்லாம் வாடகைக்கு எடுங்கள். காகிள்ஸை மட்டும் சொந்தமாக வாங்கிவிடுங்கள்.

கூலிங் கிளாஸ் போதாதா என்றால், போதாது. புதுப்பனி தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் அந்தக் கதிரின் வலுவும் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். குல்மார்க் ஊரே சுமார் 2,650 மீட்டரில் இருக்கிறது; மலைமேல் ஏற்றிச்செல்லும் கோண்டோலாவின் (ரோப் கார்) இரண்டாம் கட்டம் 4,000 மீட்டரை நெருங்குகிறது. கூலிங் கிளாஸில் இருப்பது போலப் பக்கவாட்டில் இடைவெளி இருந்தால், சாயங்காலம் கண்ணில் மணல் கொட்டியது போல உறுத்தி நீர் வடியும்.

படி 1: லென்ஸ்

பெட்டியில் எஸ்1, எஸ்2, எஸ்3 என்று போட்டிருக்கும். எண் ஏற ஏற லென்ஸ் இருட்டு. எஸ்3 வெளிச்சத்தில் 8 முதல் 18 சதவீதத்தைத்தான் உள்ளே விடும். சுள்ளென்ற வெயிலுக்கு அதுதான் சரி. மேகம் மூடிய நாளில் எஸ்1. வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி மேடு பள்ளம் தெரியாத நேரத்தில், இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறம் கைகொடுக்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் ஓட்டு எஸ்2-க்கு. அப்புறம், இருட்டு லென்ஸ் என்பதாலேயே புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடாது. ‘யுவி 400’ என்று தனியாக எழுதியிருக்கிறதா பாருங்கள்.

படி 2: ஹெல்மெட்டோடு மாட்டிப் பார்ப்பது

நெற்றியில் ஹெல்மெட்டுக்கும் காகிள்ஸுக்கும் நடுவே இடைவெளி இருக்கக் கூடாது. ஸ்பாஞ்ச் முகத்தில் சீராகப் படிய வேண்டும், மூக்கை அழுத்தக் கூடாது. பவர் கண்ணாடி போடுபவர்கள், அதன் மேலேயே மாட்டும் அகலமான வகையைக் கேளுங்கள்.

படி 3: ஆவியைச் சமாளிப்பது

பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். சோறு வடிக்கும்போது மூக்குக்கண்ணாடி மங்குமே, அதே கதைதான்: முகத்தின் ஈரக்காற்று குளிர்ந்த லென்ஸில் பட்டுப் படிகிறது. அதனால் இரட்டை லென்ஸ் உள்ளதையே வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவில் அடைபட்ட காற்று உள் லென்ஸைச் சில்லிட விடாது. லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது காகிள்ஸை நெற்றிக்கு ஏற்றாதீர்கள். தலைச்சூடும் வியர்வையும் நேராக உள்ளே போகும். கழுத்துத் துணியை மூக்குக்கு மேல் இழுத்தாலும் மூச்சு மேலேறி மங்கும்.

படி 4: துடைப்பது

உள்பக்கத்தில் ஆவி படியாதிருக்க மெல்லிய பூச்சு உண்டு. ஈரமாக இருக்கும்போது அது மிக மென்மை. தேய்த்தால் போயே போச்சு. கையுறையால் துடைக்கவே கூடாது. விழுந்து உள்ளே பனி புகுந்தால் உதறிவிட்டு, கூடவே வரும் மைக்ரோஃபைபர் பையால் ஒற்றி எடுங்கள்.

ராத்திரி அறையில் காற்றாடக் காயவைத்து, முழுக்க உலர்ந்தபின் பையில் போடுங்கள். அறை நடுவில் புகாரி எரிந்துகொண்டிருக்கும் (பிரியாணிக் கடை இல்லை, காஷ்மீரத்து விறகு அடுப்பு). கையுறை, சாக்ஸ் எல்லாம் அதன் பக்கத்தில்தான் காயும். காகிள்ஸை மட்டும் எட்ட, ஜன்னலோரம் வையுங்கள்.