புறநோயாளர் மருந்துச் சீட்டு ஆய்வு: எண்ணத் தொடங்கும் முன் முடிவு செய்ய வேண்டியவை

மருந்தியல் படிப்புகளான ஃபார்ம்.டி.யின் ஐந்தாம் ஆண்டு மாணவர்களும் எம்.ஃபார்ம். மாணவர்களும் அடிக்கடி எடுக்கும் ஆய்வு ஒன்று உண்டு. ஒரு மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் எழுதப்படும் சீட்டுகளை உலக சுகாதார நிறுவனத்தின் குறியீடுகளை வைத்து அளப்பது அது. செலவு குறைவு, நோயாளிக்குத் தொந்தரவில்லை, ஆறு மாதத்தில் முடித்துவிடலாம். அவசரத்தில் செய்து, யாருக்கும் பயன்படாத சதவீதங்களோடு அலமாரிக்குப் போவதும் பெரும்பாலும் இதே ஆய்வுதான். கோளாறு புள்ளியியலில் இருப்பது குறைவு. எதை எண்ணுவது, எதால் வகுப்பது, எந்த இடத்தில் நின்று சீட்டைப் பிடிப்பது என்பதை முதல் சீட்டைத் தொடும் முன்பே எழுதி வைக்காததுதான் கோளாறு.

அடிப்படைக் குறியீடுகள் 1993-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கையேட்டில் உள்ளவை. மொத்தம் 12. மருத்துவர் எழுதுவதைப் பற்றி 5: ஒரு வருகைக்குச் சராசரி எத்தனை மருந்து, மூலப்பெயரில் (நிறுவனம் வைத்த பெயரில்லாமல் மருந்தின் பொதுப்பெயரில்) எழுதியவை எத்தனை சதவீதம், ஆன்டிபயாட்டிக் எழுதிய வருகைகள், ஊசி எழுதிய வருகைகள், அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. நோயாளிக்குக் கிடைக்கும் கவனிப்பைப் பற்றி 5: மருத்துவர் பார்க்கும் நேரம், மருந்து கொடுக்கும் நேரம், எழுதியதில் எத்தனை கையில் கிடைத்தது, உறையில் விவரம் சரியாக எழுதப்பட்டதா, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று நோயாளிக்குத் தெரியுமா. நிலையத்தைப் பற்றி 2: பட்டியலின் பிரதி இருக்கிறதா, முக்கிய மருந்துகள் இருப்பில் உள்ளனவா. பலர் முதல் ஐந்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மருந்தியல் நடைமுறை படிப்பவர்களுக்கு இரண்டாவது ஐந்துதான் சொந்த வேலை. அதை விட்டுவிட்டு மருத்துவரின் கையெழுத்தை மட்டும் ஆராய்வது வேடிக்கை.

விதிப் புத்தகம்

ஒரு நோட்டை எடுத்து, சர்ச்சைக்கு இடமுள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விதி எழுதுங்கள். குறைந்தது கீழே சொல்பவை அதில் இருக்க வேண்டும்.

கூட்டு மருந்து ஒன்றாகவே எண்ணப்படும். அமாக்ஸிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை ஒரு மருந்து, இரண்டல்ல. களிம்பு, சொட்டு மருந்து, ஓ.ஆர்.எஸ். எல்லாம் கணக்கில் வரும். ஒரே நாளில் ஒரே சீட்டோடு இரண்டு மருத்துவரைப் பார்த்தவர் ஒரு வருகையா இரண்டா என்பதையும் இங்கேயே முடிவு செய்துவிடுங்கள்.

ஊசி என்றால் தடுப்பூசி சேராது. வெட்டுக்காயத்தோடு வந்தவருக்குப் போடும் டெட்டனஸ் தடுப்பூசி (டி.டி.), நாய்க்கடிக்குப் போடும் தடுப்பூசி இரண்டையும் விட்டுவிடுங்கள். இன்சுலின் ஊசிதான், ஆனால் சர்க்கரை நோயாளிகள் அதிகம் வரும் இடத்தில் அது சதவீதத்தை ஏற்றிவிடும். இன்சுலினைச் சேர்த்து ஓர் எண், சேர்க்காமல் ஓர் எண் என இரண்டும் கொடுங்கள்.

ஆன்டிபயாட்டிக் என்பதற்கு வரையறை எளிதல்ல. மருந்துகளை அவை வேலை செய்யும் உறுப்பு, பயன், வேதி அமைப்பு ஆகியவற்றால் பிரிக்கும் ஏ.டி.சி. வகைப்பாட்டில் உடல் முழுவதும் வேலை செய்யும் பாக்டீரியா எதிர்ப்பு மருந்துகள் ஜே01 பிரிவில் வருகின்றன. வாய்வழி மெட்ரோனிடசோல் அதில் இல்லை. பி01 பிரிவில், ஒட்டுண்ணி மருந்துகளோடு இருக்கிறது. வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் தாராளமாக எழுதப்படும் நம் ஊரில் அதைச் சேர்ப்பதும் விடுவதும் முடிவையே மாற்றிவிடும். கண் சொட்டு, தோல் களிம்பு, காசநோய் மருந்து ஆகியவற்றுக்கும் இதே கேள்வி எழும். எந்த முடிவும் எடுக்கலாம். எடுத்ததை எழுதாமல் விடுவதுதான் தவறு: இரண்டு கல்லூரிகளின் ஆய்வுகளை ஒப்பிடவே முடியாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

மூலப்பெயர் விஷயத்தில் சுருக்கெழுத்துதான் சிக்கல். 'பி.சி.எம்.' (பாராசிட்டமால்), 'சி.பி.எம்.' (குளோர்பெனிரமின்) என்று எழுதியதை மூலப்பெயராகக் கொள்வதா? கறாராகப் பார்த்தால் கூடாது. சுருக்கெழுத்து தவறாகப் படிக்கப்படும் அபாயம் உள்ளது. தனி அடையாள எண் கொடுத்துப் பதிந்தால் பிறகு எப்படி வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். அரசு நிலையங்களில் இந்தக் குறியீட்டுக்காக அதிகம் மெனக்கெட வேண்டாம். 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மூலப்பெயரில்தான் மருந்து வாங்கி அனுப்புகிறது. அங்கே சதவீதம் உயர்ந்திருப்பது மருத்துவரின் பழக்கத்தைக் காட்டுவதில்லை, கிடங்கில் இருப்பதைத்தான் காட்டுகிறது.

அத்தியாவசியப் பட்டியல் எது என்பதையும் குறியுங்கள். 384 மருந்துகள் கொண்ட 2022-இன் தேசியப் பட்டியலா, மாநிலக் கழகத்தின் பட்டியலா, உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலா? பெயர் மட்டும் பொருந்தினால் போதுமா, வடிவமும் அளவும் பொருந்த வேண்டுமா? மாத்திரையாகப் பட்டியலில் உள்ளது சிரப்பாக எழுதப்பட்டிருந்தால் என்ன செய்வீர்கள்?

விதிகள் எழுதியபின் 30 சீட்டுகளை இருவர் தனித்தனியாக, பேசிக்கொள்ளாமல் குறியிடுங்கள். ஒவ்வொரு குறியீட்டுக்கும் காப்பா மதிப்பைக் (தற்செயல் பொருத்தத்தைக் கழித்தபின் இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதை) கணக்கிடுங்கள். 0.8-க்குக் கீழே வந்தால் ஆளைக் குறை சொல்லாமல் விதியைத் திருத்தி, வேறு 30 சீட்டுகளில் மறுபடி பாருங்கள். இந்த 60-ம் இறுதி மாதிரியில் சேரக் கூடாது.

சீட்டை எங்கே பிடிப்பது

அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு நோயாளியோடு வீட்டுக்குப் போய்விடும். கடந்த ஓராண்டுச் சீட்டுகளைப் பார்ப்போம் என்று ஆய்வுத் திட்டத்தில் எழுதிவிட்டு, நிலையத்தில் பதிவேடு மட்டும் இருப்பதைப் பிறகு கண்டு திகைப்பது வழக்கம். பதிவேட்டில் நோயின் பெயரும் இரண்டொரு மருந்தும் இருக்கும். அளவும் நாட்களும் இருக்காது. நிலையத்தில் என்ன பதிவாகிறது என்பதை நேரில் பார்த்தபின் திட்டத்தை எழுதுங்கள்.

நடைமுறையில் சிறந்த இடம் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு அடுத்த இடம். ஆனால் அங்கே ஓர் ஓட்டை இருக்கிறது. உடனே போடச் சொன்ன ஊசிக்கான நோயாளி நேராக ஊசி அறைக்குப் போவார். சில இடங்களில் அதற்குத் தனித் துண்டுச்சீட்டு. ஜன்னலில் மட்டும் நின்றால் ஊசி சதவீதம் பாதியாகத் தெரியலாம். ஊசி அறைப் பதிவேட்டை ஓ.பி. எண்ணை வைத்து அன்றன்றே ஒப்பிடுங்கள். மறுநாள் செய்தால் எண்கள் பொருந்தாமல் தலைவலிதான்.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியபின் ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களில் பலருக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அவர்கள் ஓ.பி. கூட்டத்தில் இல்லை. ஆகவே அதற்கு முந்தைய ஆய்வோடு இன்றைய சராசரியை ஒப்பிட்டு 'மருந்து எழுதுவது குறைந்துவிட்டது' என்று எழுதுவதற்கு முன், மாறியது எழுதும் பழக்கமா, வரும் நோயாளிகளா என்று பாருங்கள். நாட்பட்ட நோய்களுக்கான வருகைகளைத் தனியாகப் பிரித்து அலசினால் இந்தக் குழப்பம் தீரும்.

தனியார் மருந்துக்கடையில் ஆய்வு செய்தால் சீட்டு நோயாளியின் உடைமை. கேட்டுத்தான் பார்க்க வேண்டும். படம் எடுத்தால் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மறைத்தபின் எடுக்க வேண்டும். சீட்டே இல்லாமல் விற்கும் ஆன்டிபயாட்டிக் இந்த முறையில் கண்ணில் படாது. 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணை (சீட்டின்றி விற்கக் கூடாத, கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துகளின் பட்டியல்) மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு வைத்து மூன்றாண்டு பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம். செஃபிக்ஸிம் போன்றவற்றுக்கு அது உதவும், அமாக்ஸிசிலின் அதில் வராது. சீட்டில்லா விற்பனையை அளக்க, பயிற்சி பெற்றவர் நோயாளிபோல் கடைக்குச் செல்லும் முறை உண்டு. அது வேறு ஆய்வு, அதற்கு வேறு நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும்.

எத்தனை, எப்போது

பல நிலையங்களின் ஆய்வென்றால் கையேடு சொல்வது குறைந்தது 20 நிலையங்கள், ஒவ்வொன்றிலும் 30 வருகைகள், ஆக 600. ஒரே நிலையம் என்றால் குறைந்தது 100. நூறு வருகைகளில் 50 சதவீதம் என்று வந்தால் உண்மை மதிப்பு ஏறக்குறைய 40-க்கும் 60-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். ஆகவே ஒரே மருத்துவமனையில் 600 எடுக்க முடிந்தால் எடுங்கள்.

20 நிலையம் × 30 என்பது 600 தனித்தனி ஆட்கள் தரும் தகவலுக்குச் சமமல்ல. ஒரே மருத்துவர் எழுதும் 30 சீட்டுகள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும். அந்த ஒற்றுமையின் அளவு 0.05 என்று வைத்தால் வடிவமைப்பு விளைவு (கொத்துக் கொத்தாக எடுத்ததால் மாதிரியின் பலம் எத்தனை மடங்கு குறைகிறது என்பது) 1 + 29 × 0.05 = 2.45. அதாவது 600 சீட்டுகள் சுமார் 245-க்குச் சமம். பிழை வரம்பைக் கணக்கிடும்போது இதை விட்டுவிட்டால், இல்லாத துல்லியத்தைச் சொன்னதாகும். நேரமும் பணமும் இருந்தால் நிலையங்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஒரே நிலையத்தில் சீட்டுகளைக் கூட்டுவதால் பெரிய லாபமில்லை.

காய்ச்சலும் சளியும் மழைக்காலத்தில் கூடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் எண்ணினால் ஆன்டிபயாட்டிக் சதவீதம் அந்தப் பருவத்துக்கானது. ஆண்டு முழுவதும் முடியாவிட்டால் மழைக்காலத்தில் பாதி, கோடையில் பாதி. ஒரு நாளுக்கு 200 பேர் வருகிறார்கள், 20 வேண்டுமென்றால் 10-க்கு ஒருவர்: 1 முதல் 10-க்குள் ஓர் எண்ணைக் குலுக்கிப் போட்டு, அதிலிருந்து ஒவ்வொரு பத்தாமவர். காலை முதல் ஒரு மணி நேரத்தில் 20-ஐயும் முடித்துக்கொண்டு கேன்டீனுக்குப் போவது மாதிரி எடுப்பதாகாது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் ஒதுக்கிய நாட்களைத் தவிர்ப்பதா சேர்ப்பதா என்பதும் விதிப் புத்தகத்தில் இருக்கட்டும்.

ஜன்னலில் செய்யும் அளவைகள்

மருந்து கொடுக்கும் நேரம் என்பது நோயாளி ஜன்னலை அடைந்ததிலிருந்து விலகும் வரை. வரிசையில் நின்ற நேரம் சேராது. மருத்துவர் அறையிலும் அப்படியே: உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியேறும் வரை. நொடிக்கணக்கில் பதியுங்கள். சிலருக்கு மிக நீண்டுவிடும் என்பதால் சராசரியோடு இடைநிலை மதிப்பையும் கொடுங்கள். கடிகாரத்தோடு ஒருவர் நிற்பதைப் பார்த்தால் மருந்தாளுநர் வழக்கத்தைவிடப் பொறுமையாகப் பேசுவார். முதல் இரண்டு மூன்று நாள் பதிவை ஒதுக்கிவிடுவது நல்லது.

உறையில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும்: நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், எப்போது சாப்பிட வேண்டும் என்பது. வெறும் காகித உறையில் மூன்று கோடு கிழித்துத் தருவது இந்த அளவுகோலில் தேறாது. நோயாளியின் புரிதலைச் சோதிக்க, ஜன்னலிலிருந்து தள்ளி நின்று, மாத்திரைகள் கையில் இருக்கும்போதே கேளுங்கள்: 'இதை எப்போ, எத்தனை சாப்பிடணும்?' வேறெதுவும் வேண்டாம். 'காலையிலும் இரவிலும்தானே?' என்று பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். எல்லா மருந்துக்கும் சரியாகச் சொன்னால்தான் ஒரு மதிப்பெண். தவறாகச் சொன்னவரை அப்படியே அனுப்பாதீர்கள்; பதிந்தபின் சரியானதைச் சொல்லி அனுப்புங்கள். இதையும் நெறிமுறைக் குழு விண்ணப்பத்திலேயே எழுதிவிடலாம்.

வகுத்தல்

கற்பனைக் கணக்கு ஒன்று: 100 சீட்டுகளில் 310 மருந்துகள், 42 சீட்டுகளில் மொத்தம் 46 ஆன்டிபயாட்டிக். சராசரி 3.1. ஆன்டிபயாட்டிக் 42 சதவீதம், ஏனென்றால் இங்கே வகுப்பது வருகைகளால். 46-ஐ 310-ஆல் வகுத்து 14.8 என்று போட்டால் நிலைமை நன்றாக இருப்பதுபோல் தெரியும். ஊசிக்கும் வகுஎண் வருகைதான். மூலப்பெயருக்கும் பட்டியலுக்கும் மட்டும் மருந்துகளின் எண்ணிக்கை.

வந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? சராசரி மருந்து 1.6 – 1.8, ஆன்டிபயாட்டிக் 20 – 26.8, ஊசி 13.4 – 24.1 என்ற எண்களை 'உலக சுகாதார நிறுவனத் தரம்' என்று பல ஆய்வேடுகள் எழுதுகின்றன. 1993 கையேட்டில் அந்த எண்கள் இல்லை. பிறகு வேறோர் ஆய்வில் முன்வைக்கப்பட்டு, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிப் பரவியவை. மேற்கோள் காட்டலாம், தரம் என்று சொல்லக் கூடாது. அதே நிலையத்தின் முந்தைய ஆண்டு, அதே மாவட்டத்தின் மற்ற நிலையங்கள்: இவையே நல்ல ஒப்பீடு.

ஆன்டிபயாட்டிக் சதவீதம் எவ்வளவு என்பதைவிட எந்த ஆன்டிபயாட்டிக் என்பது முக்கியம். 2017 முதல் உலக சுகாதார நிறுவனம் இவற்றை மூன்று வகையாகப் பிரிக்கிறது. அமாக்ஸிசிலின், டாக்ஸிசைக்ளின் முதல் வகை. அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், செஃபிக்ஸிம் எச்சரிக்கையோடு பயன்படுத்தும் இரண்டாம் வகை. லினிசோலிட், கோலிஸ்டின் கடைசிக் கையிருப்பு. இந்தப் பட்டியலில் வாய்வழி மெட்ரோனிடசோல் முதல் வகையில் உண்டு. ஜே01-ஐ மட்டும் எண்ணியிருந்தால் இரண்டு அட்டவணைகளும் பொருந்தாமல் நிற்கும்.

எழுதிய அளவையும் சேர்க்க விரும்பினால் டி.டி.டி. (பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளுக்கென வகுத்த சராசரி அளவு) கணக்கு. அமாக்ஸிசிலின் 500 மி.கி. 15 கேப்ஸ்யூல் = 7.5 கிராம், அதன் டி.டி.டி. 1.5 கிராம்; ஆக 5. அசித்ரோமைசின் 500 மி.கி. 3 மாத்திரை = 1.5 கிராம், டி.டி.டி. 0.3 கிராம், அதுவும் 5. அமாக்ஸிசிலின் மதிப்பு 2019-க்கு முன் 1 கிராமாக இருந்தது, பழைய ஆய்வோடு ஒப்பிடும்போது மறுகணக்கு தேவை. குழந்தைகளுக்கு இந்த அலகு பொருந்தாது.

கணக்கு முடிந்தபின்

மொத்தச் சதவீதத்தை வைத்துச் சரி தவறு சொல்ல முடியாது. 42 என்பது நிமோனியா நோயாளிகளுக்கா, சாதாரணச் சளிக்கா? சளி, வயிற்றுப்போக்கு என இரண்டே நோய்களை எடுத்து, அந்தச் சீட்டுகளை மட்டும் சிகிச்சை வழிகாட்டியோடு ஒப்பிடுங்கள். ரத்தமில்லாத சாதாரண வயிற்றுப்போக்கில் ஓ.ஆர்.எஸ். எழுதியவை எத்தனை, ஆன்டிபயாட்டிக் எழுதியவை எத்தனை என்ற இரண்டு எண்கள் பன்னிரண்டு குறியீடுகளைவிட அதிகம் பேசும்.

முடிவை மருத்துவரின் பெயர் சொல்லாமல், ஆனால் அவரவர் எண்ணை அவரவர் அறியும்படி கொடுங்கள். இந்தோனேசியாவின் காஜா மாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-களில் ஊசிப் பயன்பாட்டைக் குறைக்க மருத்துவரையும் நோயாளிகளையும் ஒரே வட்டத்தில் உட்கார வைத்துப் பேச விட்டார்கள். நோயாளி ஊசி கேட்பார் என்று மருத்துவர் நினைத்துக்கொண்டிருந்தது எல்லா இடத்திலும் உண்மையில்லை என்பது அங்கே வெளிப்பட்டது, ஊசியும் குறைந்தது. சுற்றறிக்கையைவிட இப்படியொரு கூட்டம் நடத்திப் பார்க்கலாம். அதன் பலனை அளக்க, முதலில் எண்ணிய அதே மாதங்களில், அதே விதிப் புத்தகத்தோடு, கூட்டம் நடக்காத ஒரு நிலையத்தையும் சேர்த்து மறுபடி எண்ண வேண்டும்.