எச்.ஐ.வி. பரிசோதனைக்கு முன்னால் தேதியை எண்ணுங்கள்

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. நெல் கொள்முதல் நிலையங்களிலிருந்து மூட்டை ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். அதற்கு முன்பு ஆறு வருஷம் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. அங்கே இருந்தபோது இரண்டு பெண்களோடு உறவு இருந்தது. ஒருவரோடு ஆணுறை போட்டேன். இன்னொரு முறை நல்ல போதை, போட்டேனா இல்லையா என்பதே நினைவில்லை. ஊருக்குத் திரும்பியபின் இரண்டு வருஷம் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் அலைந்தேன். தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்ததும் இனி தள்ளிப்போட முடியாது என்று பரிசோதனைக்குப் போனேன். அந்த இரண்டு வருஷத்தில் நான் செய்த தப்புகளை வேறு யாரும் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தப்பு, உடம்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க நினைத்தது. காலையில் கண்ணாடியில் நாக்கைப் பார்ப்பேன். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். கொள்முதல் நிலையத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து மூட்டை போடும் எலக்ட்ரானிக் தராசில் ஏறி நின்று எடை குறைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். இதெல்லாம் எதற்கும் உதவாது. தொற்று வந்த இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் சிலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, தோலில் தடிப்பு வரும். அதே காய்ச்சல் டெங்குவிலும் வரும், சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் வரும். பலருக்கு எதுவுமே தெரியாமல் பல வருஷம் போகும். ரத்தத்தைப் பார்க்காமல் உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

அதனால் முதலில் ஒரு தாளை எடுங்கள். மூன்று விஷயங்களை மட்டும் எழுதுங்கள். என்ன மாதிரி உறவு, ஆணுறை இருந்ததா, கடைசியாக எந்தத் தேதி. தேதி சரியாக நினைவில்லை என்றால் ஏதாவது ஒரு திருவிழாவையோ சம்பள நாளையோ வைத்துப் பிடிக்கலாம். ஆணுறை கிழிந்தது, பாதியில் கழன்றது, போதையில் நினைவில்லை, இவை மூன்றையும் ‘ஆணுறை இல்லை’ என்றே எழுதுங்கள். அந்த ஆள் பார்க்க நல்ல குடும்பமாக, ஆரோக்கியமாகத் தெரிந்தார் என்பதை எழுத வேண்டாம். அதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

பாவக் கணக்கு வேறு, தொற்றுக் கணக்கு வேறு. இது புரியாமல் நான் நிறைய தூக்கத்தைத் தொலைத்தேன். எச்.ஐ.வி. பரவுவது ரத்தம், விந்து, பெண்ணுறுப்பிலும் ஆசனவாயிலும் சுரக்கும் திரவம், தாய்ப்பால் இவற்றால்தான். கட்டிப்பிடித்ததால், முத்தத்தால், ஒரே டம்ளரில் டீ குடித்ததால், கொசுக்கடியால் வராது. வாய்வழி உறவில் ஆபத்து மிகமிகக் குறைவு. ஆணுறையில்லாத ஆசனவாய் உறவில், அதுவும் ஏற்றுக்கொள்பவருக்கு, அதிகம். மருத்துவர்களின் மதிப்பீடு இப்படி: சிகிச்சை எடுக்காத தொற்றாளரோடு ஆணுறையில்லாமல் 10,000 முறை நடந்தால், ஆசனவாய் வழியாக ஏற்றுக்கொள்பவருக்குச் சுமார் 138 முறை தொற்றும். பெண்ணுறுப்பு வழி உறவில் பெண்ணுக்குச் சுமார் 8, ஆணுக்குச் சுமார் 4. எண் சின்னதுதானே என்று இருந்துவிடாதீர்கள். பிறப்புறுப்பில் புண்ணோ வேறு பால்வினை நோயோ இருந்தால் ஆபத்து கூடும். ஒரே முறையில் தொற்று வாங்கியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இந்த எண்ணைப் பார்த்த அன்றைக்குத்தான், ‘நிச்சயம் எனக்கு வந்துவிட்டது’ என்ற நினைப்பு என்னை விட்டது.

அடுத்தது நாள் கணக்கு. நாற்று விட்ட தேதியிலிருந்து அறுப்பு வரை எண்ணிப் பழகியவர்கள் நாம், இது கஷ்டமில்லை. தொற்று வந்தவுடன் பரிசோதனையில் தெரியாது. அந்த இடைவெளியை விண்டோ பீரியட் என்கிறார்கள். அரசு மையங்களில் செய்யும் ரேபிட் டெஸ்டை நம்பி முடிவு சொல்ல, கடைசி உறவிலிருந்து 90 நாள் வேண்டும். 110 நாள் குறுவையைவிடக் குறைவு. லேபில் வைரஸின் துணுக்கையும் (ஆன்டிஜன்) அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருளையும் (ஆன்டிபாடி) சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறை டெஸ்டுக்கு 45 நாள் போதும். ரேபிட் டெஸ்டை 90 நாளுக்கு முன் எடுத்து நெகடிவ் வந்தால் அது பாதி பதில்தான், நாள் முடிந்ததும் மறுபடி எடுக்க வேண்டும்.

சம்பவம் நடந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் நாளெல்லாம் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே, ராத்திரியானாலும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடுங்கள். தொற்றைத் தடுக்க 28 நாள் மாத்திரை இருக்கிறது, பெப் என்பார்கள். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் அதனால் பயனில்லை.

எங்கே போவது? நான் முதலில் போனது ஒரு தனியார் லேபுக்கு. கவுன்டரில் இருந்தவர் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போது டெஸ்டின் பெயரைச் சத்தமாகக் கேட்டார். சர்க்கரை டெஸ்ட் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். அதோடு எட்டு மாதம் போனது. அதனால்தான் சொல்கிறேன், அரசு மருத்துவமனையில் ‘நம்பிக்கை மையம்’ என்ற பலகையைத் தேடுங்கள். ஐ.சி.டி.சி. என்றாலும் அதுதான். தஞ்சாவூர், திருவாரூர் மருத்துவக் கல்லூரிகளில் இருக்கிறது. கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, நாகப்பட்டினம் அரசு மருத்துவமனைகளிலும் இருக்கிறது. காசு கிடையாது, டாக்டர் சீட்டும் வேண்டாம். எங்கே பக்கம் என்று தெரியாவிட்டால் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். உள்ளூரில் தெரிந்த முகம் வரும் என்ற பயம் இருந்தால் பக்கத்து ஊருக்குப் போங்கள், அதில் வெட்கமில்லை. நான் நீடாமங்கலத்தில் ரயில் ஏறி தஞ்சாவூருக்குப் போனேன்.

வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. மையத்தில் ஒரு ஆலோசகர் இருந்தார், அக்கா வயது. கதவைச் சாத்திவிட்டு, “சாப்பிட்டீங்களா தம்பி?” என்றுதான் ஆரம்பித்தார். அப்புறம் நான் எழுதி வைத்திருந்த அதே மூன்று கேள்விகளைக் கேட்டார். அங்கே எதையும் மறைக்காதீர்கள், ஆணோடு உறவு என்றாலும் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் எப்போது மறுபடி வர வேண்டும், வேறு என்ன பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும். சம்மதம் கேட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ரத்தம் எடுத்தார்கள். முடிவு அன்றைக்கே கிடைத்தது, அதே அறையில், தனியாக. சம்மதமில்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ல் சட்டமே வந்திருக்கிறது. துணைக்குத் தொற்றும் ஆபத்து இருந்து, நாமும் சொல்ல மறுத்தால் மட்டும், முன்கூட்டியே நம்மிடம் சொல்லிவிட்டு மருத்துவரோ ஆலோசகரோ துணைக்குத் தெரிவிக்க அதில் இடமுண்டு. போன கையோடு சிபிலிஸுக்கும் மஞ்சள் காமாலை பி-க்கும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். புண், சீழ், எரிச்சல் இருந்தால் பால்வினை நோய்க்கு வைத்தியம் பார்க்கும் சுகவாழ்வு மையம் எங்கே என்று அங்கேயே விசாரியுங்கள்.

எனக்கு நெகடிவ் வந்தது. இரண்டு வருஷம் தாண்டியிருந்ததால் அந்த ஒரு டெஸ்டே போதும் என்றார்கள். ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நேரத்தில் ஆலோசகரிடம் பாசிடிவ் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஒரு டெஸ்டை வைத்துப் பாசிடிவ் என்று சொல்வதில்லை, மூன்று வெவ்வேறு டெஸ்ட் செய்துதான் உறுதி செய்வோம் என்றார். அப்புறம் எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை இலவசம். 2004-லிருந்தே அரசு கொடுக்கிறது. விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உறவின் மூலம் அடுத்தவருக்குப் பரவாது. கல்யாணம் செய்யலாம், தொற்றில்லாத குழந்தை பெறலாம். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் இரண்டு வருஷம் முன்னாலேயே போயிருப்பேன்.

இந்த வருஷம் ஆவணியில் அறுப்பு மிஷின் ஓட்டும் என் சிநேகிதன் ஒருவன் ராத்திரி பத்து மணிக்கு வந்து, “மாப்ள, ஒரு தப்பு நடந்துபோச்சுடா” என்றான். ஆடிப்பெருக்குக்கு மறுநாள், வெளியூர் வேலைக்குப் போன இடத்தில், ஆணுறை இல்லாமல். இருபது நாளுக்கு மேல் ஆகிவிட்டது, மாத்திரைக்கு வழியில்லை. மறுநாளே கூட்டிப் போனேன். நெகடிவ்தான், ஆனால் பாதி பதில். மறுபடி டெஸ்ட் எடுக்கும் வரை வீட்டில் ஆணுறை இல்லாமல் வேண்டாம் என்று சொல்லி மையத்திலேயே கொடுத்து அனுப்பினார்கள். 90 நாள் எண்ணினால் ஐப்பசி பாதியில் வருகிறது. தேதியை என் வீட்டு காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அன்றைக்கு வண்டிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஓனரிடமும் சொல்லிவிட்டேன், அவனோடு நான் போக வேண்டும்.