இரும்பு, தைராய்டு ரிப்போர்ட்டை எந்த வரிசையில் படிப்பது?

லேப் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் தடித்த எழுத்தில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்போம். இரும்புச் சத்துக்கும் தைராய்டுக்கும் அது போதாது. இரண்டிலுமே தனி எண்ணுக்கு மதிப்புக் குறைவு, ஜோடியாகப் பார்க்க வேண்டும். களைப்பு, முடி கொட்டுதல் என்று போனால் டாக்டர் இரண்டு டெஸ்டையும் சேர்த்தே எழுதுவதற்குக் காரணம், அறிகுறிகள் அவ்வளவு ஒத்துப்போவதுதான்.

பழகிப் பார்க்க ஒரு கற்பனை ரிப்போர்ட். 35 வயதுப் பெண், கர்ப்பம் இல்லை.

ஹீமோகுளோபின் 11.2, எம்.சி.வி. 74, ஃபெரிட்டின் 9, சீரம் அயர்ன் 32, டி.ஐ.பி.சி. 430, டி.எஸ்.ஹெச். 6.8, ஃப்ரீ டி4 1.1 (லேப் தந்த வரம்பு 0.8–1.8).

படி 1: ஹீமோகுளோபினும் எம்.சி.வி.யும்

உலக சுகாதார நிறுவனக் கணக்கில் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே போனால் ரத்த சோகை. கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக 11. எம்.சி.வி. என்பது சிவப்பணுவின் அளவு. 80க்குக் கீழ் என்றால் அணுக்கள் சிறுத்திருக்கின்றன. நம் ரிப்போர்ட்டில் இரண்டுமே குறைவு, ஆகவே சந்தேகம் இரும்பின் மேல்.

படி 2: ஃபெரிட்டின்

இங்கேதான் நிதானம் வேண்டும். ஃபெரிட்டின் உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டுவது. கையிருப்பு கரைந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். அதனால் ‘ஹெச்.பி. 12.5 இருக்கே, இரும்பு நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்லிவிட முடியாது. 15க்குக் கீழ் என்றால் பற்றாக்குறை உறுதி; 30க்குக் கீழேயே பல டாக்டர்கள் சந்தேகப்படுவார்கள். நம் உதாரணத்தில் 9, விவாதத்துக்கே இடமில்லை.

ஆனால் காய்ச்சல், தொற்று, மூட்டழற்சி, கல்லீரல் கோளாறு இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும். டெங்குவில் ஆயிரக்கணக்கில்கூடப் போகும். காய்ச்சல் விட்ட கையோடு எடுத்த ஃபெரிட்டின் ‘நார்மல்’ என்று வந்தால் நம்பாதீர்கள்.

எம்.சி.வி. குறைவு, ஃபெரிட்டின் மட்டும் நன்றாக இருக்கிறதா? தலசீமியா (பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் கோளாறு) மரபுக்கூறாக இருக்கலாம். அதற்கு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரசிஸ் டெஸ்ட் பார்க்க வேண்டும். இரும்பு மாத்திரை அதைச் சரிசெய்யாது.

படி 3: சீரம் அயர்ன்

ரத்தத்தில் அப்போது ஓடும் இரும்பின் அளவு இது, ஒரே நாளில் ஏறி இறங்கும். காலையில் இரும்பு மாத்திரை போட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால் எகிறிவிடும். தனியாகப் பார்க்காமல் டி.ஐ.பி.சி.யால் (ரத்தம் மொத்தமாக எவ்வளவு இரும்பைச் சுமக்க முடியும் என்ற அளவு) வகுத்து நூறால் பெருக்குங்கள்: 32 ÷ 430 × 100 = சுமார் 7 சதவீதம். 16–20க்குக் கீழ் இருந்தாலே குறைவு.

படி 4: டி.எஸ்.ஹெச்.சும் ஃப்ரீ டி4-ம்

தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச்.சைச் சுரப்பது தைராய்டு இல்லை, மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி. வேலை மந்தமானால் மேஸ்திரியின் குரல் ஏறுகிற மாதிரி, தைராய்டு சோர்ந்தால் டி.எஸ்.ஹெச். ஏறும். வழக்கமான வரம்பு 0.4–4, லேபுக்கு லேப் சற்று மாறும்.

டி4 என்பது தைராய்டு சுரக்கும் ஹார்மோன். டி.எஸ்.ஹெச். கூடி டி4 குறைந்தால் ஹைப்போ தைராய்டு (சுரப்பு குறைவு). டி.எஸ்.ஹெச். குறைந்து டி4 கூடினால் ஹைப்பர் (சுரப்பு அதிகம்). இரண்டுமே குறைந்தால் பிட்யூட்டரியையே பார்க்க வேண்டும். நம் ரிப்போர்ட்டில் டி.எஸ்.ஹெச். மட்டும் ஏறி, டி4 சரியாக இருக்கிறது. இது ஆரம்ப நிலை. பெரும்பாலும் உடனே மாத்திரை தராமல், இரண்டு மூன்று மாதம் கழித்து ஆன்டி டி.பி.ஓ.வுடன் (தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்ற டெஸ்ட்) மறுபடி பார்க்கச் சொல்வார்கள். டி.எஸ்.ஹெச். 10ஐத் தாண்டினாலோ, கர்ப்பத்துக்குத் திட்டமிட்டாலோ கதை வேறு.

முடிக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சில லேப் முறைகளில் அது டி.எஸ்.ஹெச்.சைக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டி, இல்லாத ஹைப்பர் தைராய்டைக் காட்டிவிடும். குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள்.

படி 5: டாக்டரிடம் கேட்க வேண்டியவை

இரும்பு ஏன் குறைந்தது என்பதுதான் முதல் கேள்வி. அதிக மாதவிடாய்ப் போக்கு ஒரு காரணம். ஹைப்போ தைராய்டே அதைக் கூட்டும். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்றவர்களுக்கும் இரும்பு குறைந்தால் குடலில் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

இரண்டு மாத்திரையும் எழுதித் தந்தால், தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டு, இரும்பு மாத்திரைக்கு நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரும்போடு டீ, காபி வேண்டாம். தைராய்டு மாத்திரை தொடங்கி 6–8 வாரத்தில் மறு டெஸ்ட். ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் கையிருப்பு நிரம்ப சுமார் மூன்று மாதம் இரும்பைத் தொடரச் சொல்வார்கள். பலர் நடுவில் நிறுத்திவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.