பால் ஒவ்வாத குழந்தையோடு ராமேஸ்வரம் போகிறீர்களா?

ஹோட்டலில் இட்லி, இடியாப்பம் பெரும்பாலும் பிரச்சினை தராது. பொங்கலில் நெய் இருக்கும், ரவா தோசை மாவில் மோர் கலந்திருக்கலாம், பரோட்டா மாவில் பால் சேர்ப்பதும் உண்டு. "பால் இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். நெய், தயிர், மோர், வெண்ணெய் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆட்டுப்பால் மாற்றாகாது, அதன் புரதமும் ஏறக்குறைய பசும்பாலில் இருப்பது போன்றதுதான். பிஸ்கட் உறையில் மில்க் சாலிட்ஸ் (milk solids), வே (whey), கேசின் (casein) என்றிருந்தால் வேண்டாம், எல்லாமே பாலிலிருந்து வருபவைதான். பிரசாதத்தை யாராவது பாசமாக ஊட்டிவிடுவார்கள், கூட வரும் பெரியவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

அப்புறம், தனுஷ்கோடிக்குக் கிளம்பும்போது குழந்தையின் சாப்பாடும் டாக்டர் எழுதிய மருந்தும் உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் மருந்தை விடாதீர்கள். மூச்சுத் திணறினாலோ உதடு, நாக்கு வீங்கினாலோ டாக்டர் அவசர ஊசி எழுதித் தந்திருந்தால் அதை முதலில் போட்டு, உடனே 108-ஐ அழையுங்கள்.