அறிவியல் புனைவுப் படத்தில் வெறுப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பது எப்படி

நான் ஆவணப்பட எடிட்டர். ஒரு மனிதரைப் பார்வையாளருக்கு நெருக்கமாக்குவதும் தூரமாக்குவதும் என் மேசையில் தினமும் நடக்கிற வேலை. ஒரே பேட்டி, ஒரே முகம். அவர் பேசி முடித்த பிறகு கண்ணில் ஒரு நொடி கூடுதலாக நின்றால் அவர்மேல் இரக்கம் வரும். அந்த நொடியை எடுத்துவிட்டு, விரலைப் பிசைகிற கைக்குக் கட் செய்தால் அவர் எதையோ மறைக்கிறார் என்று தோன்றும். அதனால், வேற்றுக்கிரகவாசிகள், அகதிகள், செயற்கை மனிதர்கள் வரும் படங்களை யாராவது ‘இது இனவெறிக்கு எதிரான படம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் எனக்கு மனம் ஒப்பாது. கதை யார் பக்கம் என்பது ஒன்று, கேமரா யார் பக்கம் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதைப் பார்க்கப் பழகுவதற்குத்தான் இந்த வழிகாட்டி. தனியாகவும் செய்யலாம், மாணவர்களோடும் நண்பர்களோடும் சேர்ந்தும் செய்யலாம்.

முதல் படமாக ‘டிஸ்ட்ரிக்ட் 9’ எடுத்துக்கொள்ளுங்கள். நீல் புளோம்காம்ப் இயக்கி 2009-இல் வெளிவந்தது. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரத்துக்கு மேலே 1982-இல் ஒரு விண்கலம் வந்து நின்றுவிடுகிறது. உள்ளே பட்டினியில் வாடிய வேற்றுக்கிரகவாசிகள். அவர்களை இறக்கி, ஒரு முகாமில் அடைத்து, முகாம் சேரியாகி, கடைசியில் அவர்களை அங்கிருந்தும் அப்புறப்படுத்த ஒரு நிறுவனம் கிளம்புகிறது. இதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்குக் காரணம், படம் சரியாகச் செய்தவையும் தவறாகச் செய்தவையும் இதில் அருகருகே இருக்கின்றன.

முதல் தடவை நிறுத்தாமல், குறிப்பு எடுக்காமல் பாருங்கள். படத்துக்கு அந்த மரியாதையைக் கொடுத்தே ஆகவேண்டும். இரண்டாவது தடவை ஒரு நோட்டை எடுத்து, பக்கத்தின் நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம், பாத்திரங்கள் வெளியாளைப் பற்றி (வேற்றுக்கிரகவாசி, அகதி, செயற்கை மனிதர் என்று கதையில் ஒதுக்கப்படுகிறவரைப் பற்றி) சொல்வது. வலப்பக்கம், படம் வெளியாளைக் காட்டுகிற விதம். இடப்பக்கம் சீக்கிரமே நிரம்பிவிடும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வலப்பக்கத்தில்தான் வேலை இருக்கிறது.

முதல் ஷாட்டும் முதல் முகமும்

வெளியாட்கள் முதலில் எப்படி வருகிறார்கள் என்று எழுதுங்கள். கூட்டமாகவா, ஒரு தனி ஆளாகவா? யாருடைய கண் வழியாக? ‘டிஸ்ட்ரிக்ட் 9’ ஆவணப்படம் போலவே தொடங்குகிறது. நிபுணர்களும் அதிகாரிகளும் பேசுகிறார்கள், செய்திக் காட்சிகள் வருகின்றன, கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் வருகின்றன. வேற்றுக்கிரகவாசிகள் அவற்றுக்குள் மங்கலாக ஓடுகிறார்கள், குப்பையைக் கிளறுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். அவர்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. என் தொழிலில் இது நன்றாகத் தெரிந்த வடிவம். சேரிகளைப் பற்றி வரும் பல செய்திப் படங்கள் இப்படித்தான் வெட்டப்படுகின்றன.

அந்த ஆவணப்படக் கேமரா நுழைய முடியாத இடத்துக்குப் படம் போகும்போது அங்கே கிறிஸ்டோபர் என்ற வேற்றுக்கிரகவாசியும் அவன் பிள்ளையும் இருக்கிறார்கள். அப்பனும் பிள்ளையும் பேசிக்கொள்வது நமக்கு நேராகக் கேட்கிறது. அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆய்வுக்கூடக் காட்சிக்கு வாருங்கள். சுற்றிலும் துப்பாக்கிச் சத்தம், கூட வந்தவன் கத்துகிறான், ஆனால் கிறிஸ்டோபர் தன் இனத்தானின் அறுக்கப்பட்ட உடலைப் பார்த்தபடி அசையாமல் நிற்கிறான். படமும் அவனுக்காகக் காத்திருக்கிறது. பூச்சி போன்ற முகத்தில் துக்கத்தைப் படிக்க நமக்கு நேரம் கொடுக்கிற அந்தச் சில ஷாட்கள், படத்தில் வரும் எந்த வசனத்தையும் விட வலுவானவை என்பது என் கருத்து.

ஒரு எளிய சோதனை சொல்கிறேன். அடிக்கப்பட்டவனின் முகம் அடித்த பிறகு காட்டப்படுகிறதா, அடித்தவனின் முகம் மட்டும் காட்டப்படுகிறதா? நடந்ததற்கு ஒருவர் முகம் என்ன பதில் சொல்கிறது என்று காட்டும் ரியாக்‌ஷன் ஷாட் யாருக்குக் கிடைக்கிறதோ அவரைத்தான் படம் மனிதராக எண்ணுகிறது. ‘பிளேட் ரன்னர்’ (1982) படத்தில் தப்பி ஓடும் செயற்கைப் பெண்ணைத் துப்பாக்கிக்காரன் நடுத்தெருவில் சுடுகிற காட்சியைப் பாருங்கள். அவள் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு விழுவது மெதுவான ஓட்டத்தில் போகிறது, இசையில் வெற்றி இல்லை, துயரம் இருக்கிறது. அந்த உலகத்தின் சட்டப்படி அது கொலையே அல்ல. படத்தின் தொடக்க எழுத்துகளே அதற்கு மரணதண்டனை என்று பெயர் இல்லை, ‘ஓய்வு’ என்று பெயர் என்று சொல்லிவிடுகின்றன. அந்தப் பெயரை எடிட்டிங் ஏற்க மறுக்கிறது.

கட் எங்கே விழுகிறது

இதற்குக் கொஞ்சம் வரலாறு தேவை. லெவ் குலெஷோவ் என்ற ரஷ்ய இயக்குநர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விஷயத்தைக் காட்டினார். சலனமில்லாத ஒரே முகத்துக்கு அடுத்து எந்தப் படத்தை ஒட்டுகிறோமோ அதற்கேற்ப அந்த முகத்தில் பசியோ துக்கமோ தெரிகிறது. சினிமாவின் அழகு முழுக்க அதில் இருக்கிறது, அபாயமும் அதிலேயே இருக்கிறது. 1940-இல் நாஜி ஜெர்மனி ஒரு ‘ஆவணப்படம்’ வெளியிட்டது. யூதர்கள் உலகெங்கும் பரவியதைப் பற்றிச் சொல்லும் இடத்தில் எலிக்கூட்டம் மொய்க்கும் ஷாட்களை அதில் ஒட்டினார்கள். ஒரு வெட்டு, ஒரு ஒட்டு, அவ்வளவுதான். அதைச் செய்ய ஒரு எடிட்டர் இருந்திருக்கிறார் என்பதை நான் மறப்பதே இல்லை.

ஆகவே மனிதர்களையும் விலங்குகளையும் அடுத்தடுத்து வைக்கும் எந்த இடத்திலும் படத்தை நிறுத்துங்கள். பால் வெர்ஹோவனின் ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ (1997) இதைப் பயில மிக நல்ல படம், எளிதில் ஏமாற்றும் படமும்கூட. வெர்ஹோவன் சிறுவயதில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தில் வளர்ந்தவர். தன் படத்தை அவர் பிரச்சாரச் செய்திப்படத்தின் வடிவத்திலேயே எடுத்தார். ‘பூச்சிகளோடு’ போர் நடக்கிறது என்பதற்காகக் குழந்தைகள் கரப்பான்பூச்சிகளைக் காலால் மிதிக்கிறார்கள், பெரியவர் ஒருவர் அருகில் நின்று மகிழ்ந்து கைதட்டுகிறார். எதிரிக்கு முகமே கொடுக்கப்படுவதில்லை. கடைசியில் பிடிபட்ட எதிரியைத் தொட்டு ‘இது பயப்படுகிறது’ என்று ஒருவன் அறிவிக்க, படையே ஆரவாரம் செய்கிறது. அந்த ஆரவாரத்தில் நாமும் சேர்ந்துகொண்டோமா என்பதைத்தான் வலப்பக்கத்தில் நேர்மையாக எழுத வேண்டும். படம் வந்தபோது பலர் அதை நிஜமான போர்ப் பெருமைப் படமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

பூச்சி என்ற பெயர் திரைக்குள் மட்டும் இருப்பதல்ல. 1994 ருவாண்டா இனப்படுகொலையின்போது வானொலியில் டுட்சி மக்களைக் கரப்பான்பூச்சி என்றே அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

பெயர்களைக் குறிக்கும்போது யார் கோபத்தில் அப்படிச் சொல்கிறார்கள் என்று தேடாதீர்கள், யார் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள் என்று பாருங்கள். ‘டிஸ்ட்ரிக்ட் 9’-இல் எல்லோரும் வேற்றுக்கிரகவாசிகளை இறால் என்கிறார்கள். அவர்களை அப்புறப்படுத்த நிறுவனம் அனுப்பிய அதிகாரியும் கதாநாயகனுமான விக்கஸ் அதை அலுவலகக் குரலில், நல்ல மனதோடு சொல்கிறான். ‘ஏலியன் நேஷன்’ (1988) படத்தில் குடிவரவு அதிகாரிகள் பூமிக்கு வந்த வேற்றுக்கிரகவாசிகளுக்கு வேடிக்கைப் பெயர்களாகச் சூட்டிவிடுகிறார்கள். அவர்களில் ஒரு போலீஸ்காரருக்கு சாம் பிரான்சிஸ்கோ என்று பெயர். ஊர்ப் பெயரை வைத்துச் செய்த அந்தக் கேலியை அவர் ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டும்.

காகிதத்தைப் பின்தொடருங்கள்

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். கத்தியும் துப்பாக்கியும் வரும் காட்சிகளை யாரும் தவறவிட மாட்டார்கள். படிவமும் கையெழுத்தும் வரும் காட்சிகளை எல்லோரும் தவறவிடுகிறோம்.

விக்கஸ் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, 24 மணி நேரத்தில் காலி செய்ய வேண்டும் என்ற அறிவிப்பில் கையெழுத்துக் கேட்கிறான். ஒரு வேற்றுக்கிரகவாசி ஆத்திரத்தில் அட்டையைத் தட்டிவிடுகிறது. அதையே கையெழுத்தாக எடுத்துக்கொள்கிறான். ஒரு குடிசையில் வேற்றுக்கிரகவாசிகளின் முட்டைகள் இருக்கின்றன. அவற்றுக்குப் போகும் ஊட்டத்தைத் துண்டித்து, குடிசையை எரிக்கச் சொல்லி, உள்ளே வெடிக்கும் சத்தத்தைக் கேமராவுக்கு உற்சாகமாக விளக்குகிறான். கையெழுத்துப் போட மறுக்கும் கிறிஸ்டோபரிடம் பிள்ளையைக் குழந்தைகள் நலத்துறையிடம் ஒப்படைத்துவிடுவேன் என்கிறான். ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி இருக்கிறது. இந்த இடத்தில் நிறுத்தி, இந்தக் காட்சியில் விக்கஸ் எந்தச் சட்டத்தையாவது மீறினானா என்று கேட்டுப் பாருங்கள். அவன் செய்வது எல்லாம் அவன் கையிலிருக்கும் காகிதத்துக்குள் அடங்கிவிடுகிறது. கொடுமை அங்கேதான் இருக்கிறது.

இதற்குப் பின்னால் நிஜமான காகிதம் உண்டு. கேப் டவுன் நகரத்தின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியை 1966-இல் வெள்ளையர் பகுதியாக அறிவித்தார்கள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களை நகரத்துக்கு வெளியே மணல்வெளிக்கு அனுப்பி, வீடுகளை இடித்தார்கள். படத்தின் பெயரே அதை நினைவூட்டுகிறது. படம் எடுக்கப்பட்ட 2008-இல் தென்னாப்பிரிக்காவில் வேறு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள்மேல் கலவரம் வெடித்து 62 பேர் இறந்தார்கள். இதற்கு முன்பு புளோம்காம்ப் எடுத்த குறும்படத்தில் ஜோகன்னஸ்பர்க் மக்களிடம் ஜிம்பாப்வேயிலிருந்து வந்தவர்களைப் பற்றி நிஜமாகவே கேட்டுப் பதிவு செய்தார். அந்தப் பதில்களை வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றிய பேச்சாக வைத்தார். ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இதே கண்ணோடு மற்றப் படங்களுக்குப் போங்கள். மரபணுவை வைத்து மனிதரை எடைபோடும் உலகத்தைக் காட்டும் ‘கட்டாக்கா’வில் (1997) வேலைக்கான நேர்காணலே சிறுநீர்ப் பரிசோதனைதான், ஒரு கேள்வியும் கிடையாது. ‘பிளேட் ரன்னர்’-இல் மனிதனா இல்லையா என்று கண்டுபிடிக்க இரக்க உணர்வைச் சோதிக்கிற தேர்வு உண்டு. எந்தப் படத்திலும் தேர்வு எழுத வேண்டியவர் யார், எழுதாமலே தேறிவிட்டவர் யார் என்று கேளுங்கள்.

பின்னணியைப் பாருங்கள்

‘சில்ட்ரன் ஆஃப் மென்’ (2006) இதற்கென்றே எடுத்த படம் போலிருக்கும். கதை 2027 பிரிட்டனில் நடக்கிறது. நாயகன் ரயில் நிலையத்தில் நடந்து போகிறான். பின்னால் கூண்டுகளுக்குள் அகதிகள். அவன் திரும்பிப் பார்ப்பதில்லை, கேமரா பார்க்கிறது. ஒரு தடவை நாயகனையே பார்க்காமல், அவன் தோளுக்குப் பின்னால் நடப்பதை மட்டும் பார்த்து முழுப் படத்தையும் ஓட்டுங்கள். முடிந்தால் சத்தத்தை நிறுத்திவிடுங்கள். இது கிட்டத்தட்ட வேறொரு படம்.

படம் யாரை வெளியே விட்டது

அப்புறம், கடினமான பகுதி. நமக்குப் பிடித்த படத்தையும் இதே தராசில் வைக்க வேண்டும். ‘டிஸ்ட்ரிக்ட் 9’ வேற்றுக்கிரகவாசிக்குப் பெயரும் பிள்ளையும் துக்கமும் கொடுத்தது. அதே படத்தில் நைஜீரியர்கள் கொள்ளைக்காரர்கள், சக்திக்காக வேற்றுக்கிரகவாசிகளின் உடலைத் தின்பவர்கள், பாலியல் தொழில் நடத்துபவர்கள். அவர்கள் தலைவனின் பெயர் நைஜீரியாவின் முன்னாள் அதிபர் பெயரை ஒத்தது. நைஜீரியாவின் தகவல் அமைச்சராக இருந்த டோரா அகுன்யிலி இதைக் கண்டித்து, திரையரங்குகள் படத்தை நிறுத்த வேண்டும் என்றார். தடை வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் கோபம் முழுக்க நியாயமானது. நோட்டின் வலப்பக்கத்தில் நைஜீரியர்களின் ரியாக்‌ஷன் ஷாட்களைத் தேடிப் பாருங்கள். கும்பல்தான் கிடைக்கும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். வெளியாளின் வலியைக் காட்ட உள்ளாளின் உடல் ஏன் தேவைப்படுகிறது? விக்கஸ் வேற்றுக்கிரகவாசியாக உருமாறத் தொடங்கிய பிறகுதான் கதை அவன் வழியாக அவர்களிடம் நெருங்குகிறது. ஜான் செயில்ஸின் ‘த பிரதர் ஃப்ரம் அனதர் பிளானட்’ (1984) மாற்று வழி காட்டுகிறது. அங்கே நியூயார்க்கின் ஹார்லெமில் அலையும் வேற்றுக்கிரகவாசி கறுப்பு நிறத்தவன், பேச முடியாதவன். துரத்துகிறவர்கள் வெள்ளையர்கள். தொடக்கத்திலிருந்தே நாம் அவன் கண் வழியாகத்தான் நகரத்தைப் பார்க்கிறோம். சிறிய பணத்தில் எடுத்த படம், விளைவுக் காட்சிகள் சொற்பம். பெரிய படங்கள் பலவற்றை விட இதை நான் மேலாக மதிக்கிறேன்.

உருவகத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். திரையில் வரும் வேற்றுக்கிரகவாசியிடம் நிஜமாகவே பயங்கர ஆயுதம் இருக்கும், பலம் இருக்கும். அவனைக் கண்டு பயப்படுவதில் ஒரு நியாயம் இருப்பதாகக் கதையே ஒப்புக்கொள்கிறது. கலவரத்தில் துரத்தப்பட்டவர்களிடம் அப்படி எதுவும் இருக்கவில்லை. உருவகத்தை நிஜ மக்கள்மேல் அப்படியே பொருத்தினால் அந்தப் பயமும் சேர்ந்து பொருந்திவிடும்.

சேர்ந்து பார்க்கும்போது

‘படம் என்ன சொல்ல வருகிறது’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் சரியான விடையைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். எந்த இடத்தில் உங்களுக்கு அருவருப்பாக இருந்தது என்று கேளுங்கள். ‘டிஸ்ட்ரிக்ட் 9’ நம் அருவருப்பை வேண்டுமென்றே தூண்டுகிறது. அதை ஒப்புக்கொண்ட பிறகுதான் அது எந்த ஷாட்டில் தொடங்கியது, எந்த ஷாட்டில் குறைந்தது என்று பேச முடியும். முட்டைக் குடிசைக் காட்சியையும் ஆய்வுக்கூடக் காட்சியையும் அடுத்தடுத்துப் போடுங்கள். நேரம் குறைவு என்றால் இந்த இரண்டு போதும்.

1968-இல் வெளிவந்த ‘பிளானட் ஆஃப் த ஏப்ஸ்’ எடுத்தபோது நடந்த ஒன்றையும் குழுவில் சொல்லுங்கள். சிம்பன்ஸி, கொரில்லா, உராங்குட்டான் வேடமிட்டவர்கள் மதிய இடைவேளையில், யாரும் சொல்லாமலே, அவரவர் இனத்தோடு தனித்தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று அதில் நடித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இதைக் கேட்டவுடன் அறையில் யார் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருவராவது திரும்பிப் பார்ப்பார். பேச்சை அங்கிருந்து தொடரலாம்.

குழந்தைகளோடு என்றால் ‘டிஸ்ட்ரிக்ட் 9’ வேண்டாம், ரத்தம் மிக அதிகம். ‘த பிரதர் ஃப்ரம் அனதர் பிளானட்’ படத்திலிருந்தும் முதலில் நீங்கள் பார்த்துவிட்டுக் காட்சிகளைத் தேர்ந்தெடுங்கள். தொடக்கத்தில், குடியேறிகள் வந்திறங்கிய எல்லிஸ் தீவுக் கட்டிடத்தில் அவன் கையை வைக்கிறான், முன்பு வந்துபோனவர்களின் குரல்கள் அவனுக்குக் கேட்கின்றன. சிறியவர்களோடு பேசத் தொடங்க அந்தக் காட்சி போதும்.